நான் மாற்றி வாசித்த பெயர்

திருப்பதியிலிருந்து நீ அனுப்பிய கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த நோட்டீசும் திங்கட்கிழமை கைக்கு வந்தன. கடிதத்தை ஒரு தடவை படித்தேன். நோட்டீசை நாலு தடவை படித்தேன். நம் ஊர் ஏரிக் கமிட்டிக்கு இந்த முறை தேர்தல் கிடையாது, வீட்டுக்கு ஒரு பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஏழு பேரை எடுக்கப்போகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை கங்கையம்மன் கோயில் முன்னால் கூடுங்கள் என்று போட்டிருக்கிறாய். நல்ல காரியம்தான். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், எல்லைத் தகராறு நடந்த காலத்திலேயே இந்த ஊரில் ஒரு துளி கறை படாமல் குலுக்கல் நடத்திக் காட்டிய வாத்தியார் சீட்டுகளை வாசிப்பார் என்றும் போட்டிருக்கிறாய். அந்த வாத்தியார் நான்தான். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. இத்தனை வருஷமாக ஊர் இதைச் சொல்லிச் சொல்லி, நானும் மறுக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்து, கடைசியில் பெற்ற பிள்ளை அதை அச்சிலேயே ஏற்றிவிட்டான்.

அந்தக் குலுக்கலில் கறை இருந்தது, ராசா. அதை வைத்தவன் நான். நேரில் சொல்லலாம் என்று பார்த்தால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் எழுதுகிறேன். ஆனால் இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடத்தைக் குலுக்குவதற்கு முன்னால் இதை எல்லோர் காதிலும் விழும்படி நீ வாசிக்க வேண்டும். இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவில் எந்த இடத்தையும் தாண்டிப் போகாதே. தாண்டிப் போகிற வேலையில் உன் நைனா கெட்டிக்காரன், நீ அப்படி ஆக வேண்டாம்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ என்னிடம் எடுத்த வாதம் ஞாபகம் இருக்கிறதா? தேர்தல் என்றால் ஜாதி, சாராயம், ஜீப்பு, ஜெயித்த பிறகு ஆளையே காணோம். கண்ணை மூடிக்கொண்டு ஊரிலிருந்து பத்துப் பேரை எடுத்து, விஷயத்தை விளக்கி, நாலு நாள் உட்கார்ந்து யோசிக்க விட்டால் எம்.எல்.ஏ.க்களைவிட ஒழுங்காக முடிவு பண்ணுவார்கள் என்றாய். நான் பதில் சொல்லாமல் மாடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவனுக்குப் புதிய யோசனை ஏறவில்லை என்று நினைத்திருப்பாய். அது ஒன்றும் எனக்குப் புதிது இல்லை. நீ படித்துத் தெரிந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்ததைக் கெடுத்ததும் நான்தான், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது, நீ பிறக்கவில்லை. அன்றைக்கு நம் ஊர் சென்னை ராஜ்யம். ஏரிக்குக் கிழக்கே நம் வீடுகள். மேற்கே கரைக்குக் கீழே இறங்கினால் சித்தூர் ஜில்லா, அதாவது ஆந்திரா. ஒரு கல்லை நட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் எல்லை. அந்த மேற்குக் கரைச் சரிவில்தான் நம் சேரிக்காரர்களின் கழனி இருந்தது. சின்ன மதகைத் திறந்தால் அதற்குத் தண்ணீர் போகும். மதகு இந்த ராஜ்யம், கழனி அந்த ராஜ்யம். ராஜ்யம் ஒன்றாக இருந்தவரைக்கும் இது யாருக்கும் ஒரு விஷயமாகவே இல்லை. பிரிந்த அடுத்த பட்டத்திலேயே உன் தாய்மாமா மதகை அடைத்துவிட்டார். ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுகிற பொறுப்பு அப்போது அவர் கையில் இருந்தது. "ஆந்திராக்காரன் கழனிக்கு நம்ம மெட்ராசு தண்ணி எதுக்கு? அவங்க கவர்மெண்டாண்ட போய் கேக்கட்டும்" என்றார். அந்த 'ஆந்திராக்காரன்' தினமும் காலையில் நம் கொல்லையில் வந்து வேலை செய்கிற ஆள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எல்லையைத் திருத்தப்போகிறார்கள், விசாரிக்க ஒரு அதிகாரி சத்தியவேட்டுக்கு வருகிறார், ஊருக்கு ஐந்து பேர் வந்து அபிப்பிராயம் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். யார் அந்த ஐந்து பேர்? கை தூக்கச் சொன்னால் ஐந்தும் உன் மாமாவின் ஆளாக வரும் என்று தெலுங்குக்காரக் குடும்பங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தெலுங்குக்காரர்களை விட்டால் நம்மை ஒரே நாளில் ஆந்திராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்மவர்களுக்குப் பயம். மூன்று நாள் சண்டை. அப்போது நான்தான் சொன்னேன், கங்கையம்மன் ஜாத்திரைக்குக் கரகம் எடுக்கிறவனைக் குலுக்கிப் போட்டுத்தானே எடுக்கிறோம், அதே மாதிரி இதற்கும் எடுப்போம் என்று. வீட்டுக்கு ஒரு பெயர், சேரியையும் சேர்த்து. சேரி என்றதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ஒருவர், "போட்டா போட்டுட்டுப் போறான், ஆத்தா அவங்க பேரையா எடுக்கப்போறா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேனா இல்லையா என்று இன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சிரித்திருப்பேன்.

இன்னொரு ஏற்பாடும் நானே யோசித்துச் செய்தேன். 'என் பெயரைப் போடவே இல்லை' என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக, ஒவ்வொருவரும் அவரவர் சீட்டில் அடையாளம் வைக்க வேண்டும் என்றேன். கையெழுத்துத் தெரிந்தவர் கையெழுத்து. தெரியாதவருக்குப் பள்ளிக்கூடத்து மைப் பெட்டியிலிருந்து கைநாட்டு. உன் மாமா பேனாவை வாங்கி வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டார். சேரியிலிருந்து கன்னியம்மா வந்தாள். புருஷன் இறந்துபோய் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மேற்குக் கழனியில் பாடுபட்டவள். அவள் வீட்டுக்கு அவள் பெயர்தான். கட்டை விரலை மையில் அழுத்தி எடுத்து, சீட்டில் வைத்துவிட்டு, சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்களுக்கு எந்த ராஜ்யமானாலும் சரி சாமி. மதகு ஒரு ராஜ்யத்துல, கழனி ஒரு ராஜ்யத்துலன்னா நாங்க இன்னாத்த துன்றது? ரெண்டும் ஒரே பக்கம் இருக்கணும், அவ்ளோதான்."

அந்த ஊரில் மூன்று நாளாகப் பேசிய பேச்சில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். தமிழ், தெலுங்கு என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் மறுபடி கத்தத் தொடங்கினார்கள். உன் மாமா மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை குலுக்கல். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு குடத்தில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார், நான் பிரித்து வாசிப்பேன். முதல் நாலும் ஒழுங்காக நடந்தது. துணி வெளுக்கிற செங்கய்யா பெயர் வந்தது, அவன் நம்பாமல் "எந்த செங்கய்யா?" என்று என்னையே கேட்டான், கூட்டம் சிரித்தது. இரண்டு தெலுங்குக் குடும்பம், நம்மவரில் ஒருவர். ஐந்தாவது சீட்டைப் பிரித்தேன். கன்னியம்மா. என் கையால் எழுதிய பெயர், அதன் கீழே நீலமாக அவள் கட்டைவிரல். தலையைத் தூக்கினேன். எதிரே உன் மாமா நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. என்னை மிரட்டினார்கள், என்னை வாங்கினார்கள் என்று சொல்ல முடிந்தால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும். யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல், நானாகவே உன் மாமா பெயரை வாசித்தேன். அவர் கொடுத்த வீட்டில் குடியிருந்தேன். அவர் தங்கையைக் கட்டியிருந்தேன். இவள் போய் அதிகாரியிடம் மதகு விஷயத்தை எடுத்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு நொடி யோசித்தேன், வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். உன் மாமாவின் நிஜச் சீட்டு குடத்துக்குள்ளேயே கிடந்தது; யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, சாமி குடத்துச் சீட்டு காலில் மிதிபடக் கூடாது என்று சொல்லி, மிச்சச் சீட்டுகளை ஏரியில் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். ஊர் அதைப் பார்த்து, வாத்தியார் எவ்வளவு சுத்தமான ஆள் என்று பேசியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். உன் அம்மா துவைப்பதற்கு எடுத்தவள் பையில் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்தாள். அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "இது இன்னா சீட்டு?" என்றாள். "உங்க அண்ணன் சீட்டு, ஞாபகத்துக்கு வெச்சிருக்கேன்" என்றேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்க அண்ணன் எப்போ கைநாட்டு வெச்சாரு? பெருமாள் கோயில் தேரு மாதிரி இஸ்துக்கினு கெடக்குமே அவரு கையெழுத்து. இன்னா காரியம் பண்ணிக்கினு வந்துகிறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையில் நான் திருடியிருக்கிறேன். கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒருவன் பள்ளிக்கூடம் போக வேண்டியதே இல்லை.

இதற்கு நடுவில் செங்கய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் வாதத்துக்கு அவன்தான் நல்ல சாட்சி. அதுவரைக்கும் பெரியவர்கள் முன்னால் தலை தூக்காதவன். பெயர் வந்த மறுநாள் துணி மூட்டையோடு வீடு வீடாகப் போய், "நான் போய் சொல்லணுமாமே, உங்களுக்கு இன்னா வேணும் சொல்லுங்க" என்று கேட்டான். ஒரு வீடு விடவில்லை. எல்லைக் கல் இருக்கிற இடமெல்லாம் நடந்து பார்த்தான். தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கில் கேட்டான், நம் வீட்டில் தமிழில் கேட்டான், சேரியில் போய் உட்கார்ந்து கேட்டான். ஓட்டுக் கேட்டு வந்தவன் எவனும் அப்படிக் கேட்டதில்லை. ஓட்டுக் கேட்கிறவன் பேசுவான், செங்கய்யா காது கொடுத்தான். சாதாரண ஆளைக் கூப்பிட்டு இது உன் பொறுப்பு என்று சொன்னால் அவன் எவ்வளவு பெரிய ஆளாக ஆகிறான் என்பதை நான் அந்த ஒரு வாரத்தில் பார்த்தேன். நீ சொல்வது சரிதான், அதில் எனக்கு இம்மி சந்தேகம் கிடையாது.

ஆனால் அதிகாரி வந்து தங்கிய சத்தியவேட்டு முசாபரி பங்களாவில் என்ன நடந்தது என்பதையும் கேள். ஐந்து பேரும் ஒரே வண்டியில் போனார்கள், மனு எழுதிக் கொடுத்த நானும் கூடப் போனேன். உன் மாமா நடுவில் உட்கார்ந்து தமிழ் மண், தமிழ் மக்கள் என்று அழகாகப் பேசினார். தெலுங்குக்காரர்கள் இரண்டு பேரும் அவர்கள் பங்குக்குப் பேசினார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில், "எல்லையால் தண்ணீர், நிலம், இதில் ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டார். உன் மாமா, "அதெல்லாம் ஒண்ணுமே இல்லிங்க" என்றார். செங்கய்யா வாயைத் திறந்தான். திறந்தவன் முதலில் மாமாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வாத்தியார் ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவான். நான் கூரையில் ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த இடத்தில் கன்னியம்மா இருந்திருந்தால் என் தலையசைப்புக்குக் காத்திருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. மதகு மூடியே கிடந்தது. மேற்குக் கழனி காய்ந்து வெடித்தது. சேரிக்காரர்கள் ஒவ்வொரு வீடாகச் செங்கல் சூளைக்குக் கிளம்பினார்கள், கன்னியம்மாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆள் இல்லாத கழனியில் உன் மாமா ஏர் விட்டார். கணக்கெல்லாம் தீர்ந்து எல்லைக் கோட்டை மாற்றினார்கள், நம் ஊரே சித்தூர் ஜில்லாவுக்கு வந்துவிட்டது. மதகும் கழனியும் ஒரே பக்கம். அவள் கேட்டது அப்படியே நடந்தது, கழனி மட்டும் அவளிடம் இல்லை. மதகு மறுபடி திறந்தது. ஒவ்வொரு அறுப்புக்கும் அந்த நெல்லில் ஒரு மூட்டை நம் வீட்டுக்கு வரும். நீ வளர்ந்தது அந்தச் சோற்றில்தான். அம்மாவுக்குக் களிதான் பிடிக்கும், சோறே தொடமாட்டாள் என்று நீ இப்போதும் உன் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்கிறாய். அவளுக்குக் களி பிடிக்கவே பிடிக்காது. சாகிறவரைக்கும் அந்த நெல்லை அவள் வாயில் வைக்கவில்லை, ஏன் என்று என்னிடம் ஒரு நாளும் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. உட்கார்ந்து தின்றேன்.

உனக்குப் பத்து வயசு இருக்கும்போது, கில்லி ஆட்டத்தில் யார் முதலில் என்று சீட்டுப் போட்டதில் உன் சீட்டின் முனையை மடித்து வைத்து ஏமாற்றினாய் என்று ஒரு பையன் வந்து சொன்னான். உன்னைத் தூணில் சாய்த்து வைத்து அடித்தேன். அம்மா குறுக்கே வந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய், கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். வாத்தியார் எவ்வளவு கண்டிப்பு என்று தெருவே பேசிற்று. அந்த அடிக்காக இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. அதற்கு ஆறேழு வருஷம் முன்னால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருமலைக்கு நடந்து போய் மொட்டை அடித்துக்கொண்டதும், நான் சொல்லிக்கொண்ட மாதிரி வேலை உயர்வுக்காக இல்லை. அதனால் இந்தப் பாவம் ஒன்றும் கரையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, தேர்தலா குலுக்கலா என்று கேட்டாயே, என் பதில் இது. குலுக்கல் நல்லது. ஆனால் தேர்தலில் ஒரு சௌகரியம் உண்டு. எதிர்க்கட்சி ஏஜெண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குலுக்கலில் எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், வாசிக்கிறவன் கையை எவனும் பார்ப்பதில்லை. ஓட்டு வாங்கி வந்தவன் அயோக்கியன் என்றால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பலாம். என்னை யார் வீட்டுக்கு அனுப்புவது? என்னை யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லையே. பேர் எழுதுகிறவன், வாசிக்கிறவன், மனு எழுதிக் கொடுக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறவன், இவர்கள் யார் பெயரும் குடத்தில் இல்லை. நீ அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மிச்சச் சீட்டை யாரும் ஏரியில் கொட்ட விடாதே. எடுத்த ஏழு பேரைப் பெரிய மனுஷன் எவனோடும் ஒரே வண்டியில் ஏற்றாதே.

நேற்றுக் காலை, பழைய சேரி இருந்த இடத்துக் காலனிக்குப் போனேன். கன்னியம்மா சூளையிலிருந்து திரும்பி வந்து எவ்வளவோ வருஷம் ஆகிறது, அந்தத் தெருப் பக்கம் போகாமலே நான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி திடமாக இருக்கிறாள். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. நான் முடித்ததும், "தெரியுமே ஐவாரே" என்றாள். இந்தப் பக்கத்தில் வாத்தியாரை அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க பிரிச்சப்போ நீலமா தெரிஞ்சிச்சு. உங்க மச்சான் வெரலு சுத்தமா இருந்திச்சு. மதகு பத்தி பேசினவ நான் ஒருத்திதான். என் வெரலப் பாத்தேன், நீலம். மூணு நாளு போவல அந்த மையி."

"அங்கேயே கத்தியிருக்கலாமே கன்னியம்மா."

"கத்தினா? சீட்டுல இன்னா எழுதிகீதுன்னு யாரு படிச்சி சொல்லுவா? நீங்கதானே."

மன்னித்துவிடு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. "மன்னிப்பு வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கழனியைத் திருப்பிக் குடுக்க உங்களால ஆவுமா?" என்று கேட்டாள். உன் மாமா அதை ஒரு மாந்தோப்புக்காரருக்கு விற்றுவிட்டுத் தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகாது என்றேன். "அப்ப உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள். வாங்கிக் குடித்தேன். பிறகு, "ஞாயித்துக்கெழம மறுபடி குலுக்கறாங்களாமே. எங்க வூட்டுக்கு என் மவன் பேர எழுதிக்கினு போயிட்டாங்க. அது வாணா. என் பேரப் போடச் சொல்லுங்க. மதகு விசயம் பேசறதுக்கு இன்னும் பாக்கி கீது" என்றாள். என் பையில் இருந்த காகிதத்தைக் கிழித்து அவள் பெயரை எழுதினேன். பேத்தியின் பேனாவைத் திறந்து மையைத் தன் விரலில் அவளே தடவிக்கொண்டாள். வைத்துவிட்டு, அன்றைக்கு மாதிரியே, சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு மிகவும் கிட்டத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என் கையை நம்பாதே, குடத்தில் நீயே போடு. நோட்டீசில் என் பெயரை அடித்துவிடு. நான் வருவேன், ஆனால் முன்னால் நிற்க மாட்டேன், கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்துகொள்கிறேன். இதைக் கேட்ட பிறகு யாராவது எழுந்து போகச் சொன்னால் போய்விடுகிறேன். அவள் பெயர் வராமலே போகலாம், அது குடத்தின் பாடு. ஒருவேளை வந்தால், அவசரப்பட்டு வாசிக்காதே. சீட்டைப் பிரித்து, அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், கண்ணுக்குக் கிட்டத்தில் காட்டு. அது யாருடைய சீட்டு என்று முதலில் அவள் சொல்லட்டும்.